நாலு பக்கமும் இழுக்கும் நாள்

கேட்டிருப்பவர் 15 வயதுப் பெண். கேள்வியைச் சுருக்கித் தருகிறேன்: "காலை எட்டரைக்குப் பள்ளி, நாலரைக்குத்தான் வீடு. வந்ததும் தம்பியைப் பார்த்துக்கொள்ள வேண்டும், அம்மாவுக்கு ஒத்தாசை செய்ய வேண்டும். வீட்டுப்பாடம் தினமும் உண்டு. காலையும் மாலையும் பிரார்த்தனை செய்வேன். யாரும் கட்டாயப்படுத்தவில்லை, எனக்கே அது வேண்டும். படம் வரைவது உயிர். மாதாமாதம் டைம்டேபிள் போடுகிறேன், மூன்றாம் நாள் குலைந்துவிடுகிறது. வரைந்தால் படிக்கவில்லையே என்று உறுத்துகிறது. பிரார்த்தனையில் உட்கார்ந்தால் மனம் வீட்டுப்பாடத்தில் நிற்கிறது. எல்லாவற்றுக்கும் இடம் இருக்கிற மாதிரி ஒரு நாளை எப்படி அமைப்பது?"

இந்த வயதுப் பிள்ளைகளோடு இருபது வருடத்துக்கு மேலாக வகுப்பறையில் இருப்பவள் நான். இதே கேள்வியை வேறு வேறு வார்த்தைகளில் நிறையப் பேர் கேட்டிருக்கிறார்கள். கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், ஆற அமரப் படிம்மா.

முதலில் டைம்டேபிளைப் பார்ப்போம். அது குலைவதைப் பார்த்து உன்னைச் சோம்பேறி என்று முடிவு கட்டிக்கொள்ளாதே. ஒரு வேலைக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று முன்கூட்டியே கணக்குப் போடுவதில் பெரியவர்களும் தப்புகிறார்கள். டேனியல் கானமன், ஆமோஸ் ட்வெர்ஸ்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் 1979இல் இதற்குத் திட்டமிடல் பிழை என்றே பெயர் வைத்தார்கள். ரோஜர் பியூலரும் அவருடைய கூட்டாளிகளும் 1994இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. கல்லூரி மாணவர்களிடம் ஆய்வேட்டை எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்று பதில் வந்தது. எல்லாமே கெட்டுப்போனால் எத்தனை நாள் ஆகும் என்று கேட்டதற்கு, 49 நாள் என்றார்கள். உண்மையில் ஆனது 55 நாளுக்கும் மேல். மோசமான நிலைமையை நினைத்துப் போட்ட கணக்கே பற்றவில்லை என்றால், நீ நல்ல மனநிலையில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கலர் பேனாவில் போட்ட கணக்கு எப்படிப் பற்றும்?

உன் டைம்டேபிளில் "4:30 வீடு, 4:30 முதல் 5:30 வரை கணக்கு" என்று இருக்கும் என்று நினைக்கிறேன். இரண்டு கட்டங்களும் ஒட்டிக்கொண்டு இருக்கும். நாள் அப்படி ஓடாது. நீ வீட்டுக்குள் நுழைகிறாய். பையை இறக்குகிறாய். ஒரு காலில் ஷூவைக் கழற்றியாயிற்று, இன்னொன்றின் முடிச்சு பாதி அவிழ்ந்திருக்கிறது, அப்படியே கட்டில் ஓரத்தில் "ரெண்டு நிமிஷம்" என்று உட்கார்கிறாய். கையில் போன். நிமிர்ந்து பார்த்தால் மணி 5:20, அந்த இன்னொரு ஷூ காலிலேயே இருக்கிறது. படிப்பு அந்த ஐம்பது நிமிடத்தைத் தின்னவில்லை, வீட்டு வேலையும் தின்னவில்லை. ஒன்று முடிந்து இன்னொன்று தொடங்குகிற இடத்தில் அது ஒழுகிப் போனது. இத்தனை வருடத்தில் நான் பார்த்த வரையில், பிள்ளைகளின் நாள் பெரும்பாலும் இந்த இடங்களில்தான் ஒழுகுகிறது. எழுந்ததற்கும் குளிப்பதற்கும் நடுவில், சாப்பிட்டதற்கும் புத்தகத்தைத் திறப்பதற்கும் நடுவில், புத்தகத்தை மூடியதற்கும் தூங்குவதற்கும் நடுவில்.

அதனால் புது டைம்டேபிள் எதுவும் போடுவதற்கு முன் மூன்று நாள் சும்மா கவனி. எதையும் மாற்றாதே. ஒரு தாளை மடித்துப் பையில் வைத்துக்கொள். ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது மணியை மட்டும் எழுது. போனில் எழுத வேண்டாம், எழுதப் போன கை வேறெங்கோ போய்விடும். மூன்றாம் நாள் இரவு அந்தத் தாளைப் பார்த்தாலே போதும், நான் சொல்ல வேண்டியதில் பாதியை அது சொல்லிவிடும்.

கூடவே ஒரு எளிய கணக்கு. 24 மணி நேரத்தில் தூக்கத்துக்கு 9. பள்ளிக்கும் போய் வருவதற்கும் எட்டரை. குளிக்க, சாப்பிட, கிளம்ப 2. வீட்டு வேலைக்கும் தம்பிக்கும் ஒன்று. படிப்புக்கு 2. பிரார்த்தனைக்கு காலையும் மாலையும் சேர்த்து அரை மணி. மீதி ஒரு மணி நேரம். இதைப் பார்த்து முகம் வாடிவிட வேண்டாம். வாரத்துக்கு ஏழு மணி நேரம் ஆகிறது, ஒருவர் ஓவியத்தில் தேறுவதற்கு நல்ல அளவு அது. அந்த ஒரு மணி நேரம் ஒழுகாமல் இருந்தால் உன் கேள்விக்கு முக்கால்வாசி பதில் கிடைத்துவிட்டது.

தூக்கத்துக்கு 9 என்று போட்டதைப் பார்த்து "அதில் ஒரு மணி நேரம் எடுத்துக்கொள்ளலாமே" என்று உனக்குத் தோன்றியிருக்கும். எல்லாருக்கும் முதலில் அதுதான் தோன்றும். அதைத் தொடாதே. 13 முதல் 18 வயது வரை உள்ளவர்களுக்கு ஒரு நாளைக்கு 8 முதல் 10 மணி நேரம் தூக்கம் வேண்டும் என்று அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாதெமி 2016இல் பரிந்துரைத்தது. பகலில் படித்தது தூக்கத்தில்தான் மூளையில் நிலைப்படுகிறது. இரவு ஒரு மணி வரை படித்துவிட்டு ஐந்து மணி நேரம் தூங்குகிற பிள்ளை, படித்ததைப் பாதி கரைத்துவிட்டுத்தான் பள்ளிக்கு வருகிறது. முதல் பாடவேளையில் கண்கள் திறந்திருக்கும், பார்வை மட்டும் இருக்காது. வகுப்பின் முன்னால் நிற்கிற எங்களுக்கு அது நன்றாகத் தெரியும்.

இரவு சீக்கிரம் தூக்கம் வரவில்லை என்பதற்கும் காரணம் இருக்கிறது, அது உன் குற்றம் கிடையாது. தூங்கும் நேரம் வந்துவிட்டது என்று உடலுக்குச் சொல்கிற மெலடோனின் என்ற ஹார்மோன், பருவ வயதில் ஒன்று முதல் இரண்டு மணி நேரம் வரை தாமதமாகச் சுரக்கத் தொடங்குகிறது. அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தில் மேரி கார்ஸ்கடான் பல பத்தாண்டுகளாக ஆராய்ந்து காட்டியது இது. பத்து வயதில் ஒன்பது மணிக்கே சொக்கிப்போன அதே பிள்ளைக்குப் பதினைந்தில் பதினொரு மணி வரை கண் மூடாது. இதனால்தான் பதின்ம வயதினரின் பள்ளிகள் காலை 8:30க்கு முன் தொடங்கக் கூடாது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாதெமி 2014இல் சொன்னது. கலிஃபோர்னியாவில் 2022இலிருந்து பெரும்பாலான உயர்நிலைப் பள்ளிகளுக்கு அது சட்டமாகவே இருக்கிறது. உன் பள்ளி எட்டரைக்குத் தொடங்குவது ஒரு வகையில் உனக்கு நல்லதுதான்.

பள்ளி நேரம் நம் கையில் இல்லை. வெளிச்சம் நம் கையில் இருக்கிறது. எழுந்ததும் பத்து நிமிடம் வெளியே வெளிச்சத்தில் நில். படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே பெரிய விளக்கை அணைத்துவிடு. மாலை நாலு மணிக்கு மேல் காபி வேண்டாம். குடித்த காஃபீனில் பாதி உடலை விட்டுப் போவதற்கே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். விடுமுறை நாளில் வழக்கத்தை விட ஒரு மணி நேரம் கூடுதலாகத் தூங்கலாம், அதற்கு மேல் வேண்டாம். சனி, ஞாயிறு பதினொரு மணிக்கு எழுந்தால் திங்கட்கிழமை காலை வேறொரு நாட்டிலிருந்து விமானத்தில் வந்து இறங்கிய மாதிரி இருக்கும். ஆராய்ச்சியாளர்கள் இதைச் சமூக ஜெட் லேக் என்றே சொல்கிறார்கள்.

சிலர் வீட்டில் விடிவதற்கு முன்பே எழுந்து பிரார்த்திக்க வேண்டியிருக்கும். அப்படியானால் அப்படி எழுவதற்கான ஏற்பாட்டை முந்தைய மாலையிலேயே தொடங்க வேண்டும். பத்தரைக்குப் படுத்துக்கொண்டு நாலே முக்காலுக்கு அலாரம் வைப்பது பக்தி மாதிரித் தெரியும். பத்து நாளில் உடம்பு படுத்துவிடும், அதோடு பிரார்த்தனையும் நின்றுவிடும். எட்டே முக்காலுக்குப் படுக்க முடிந்தால் படு. முடியாவிட்டால் பிரார்த்தனை முடிந்ததும் மறுபடி கொஞ்சம் தூங்கு, இல்லை என்றால் பள்ளியிலிருந்து வந்ததும் இருபது நிமிடம் கண்ணை மூடு. உறங்கி எழுந்த மனம்தான் கடவுள் முன்னால் உட்கார முடியும். தூங்கி வழியும் மனம் வாயால் சொல்லும், காதில் வாங்காது.

பிரார்த்தனையைப் பற்றி நான் வேறு ஒன்றும் சொல்ல வேண்டும். உன் கேள்வியில் அது நாலாவது ஆளாக நிற்கிறது. படிப்பு இழுக்கிறது, வீடு இழுக்கிறது, ஓவியம் இழுக்கிறது, பிரார்த்தனையும் ஒரு பக்கம் இழுக்கிறது என்கிறாய். எனக்கு அது அப்படித் தெரியவில்லை. துணி உலர்த்தும் கொடியை நினைத்துக்கொள். துணிகள் எத்தனை வேண்டுமானாலும் இருக்கலாம், கொடி நிற்பது இரண்டு கம்பங்களால். காலைப் பிரார்த்தனையும் மாலைப் பிரார்த்தனையும் உன் நாளின் இரண்டு கம்பங்கள். மற்றதெல்லாம் அவற்றுக்கு நடுவில் தொங்கட்டும்.

உலகத்தின் பல மரபுகளில் பிரார்த்தனை நேரங்கள் எங்கே வைக்கப்பட்டிருக்கின்றன என்று பார். இரவு பகலாகிற இடத்தில், வெயில் சாய்கிற இடத்தில், பகல் இரவாகிற இடத்தில். சந்தி என்ற சொல்லுக்கே சேரும் இடம் என்றுதான் பொருள். இந்துக்களின் சந்தியா வழிபாடு இரவும் பகலும் சேரும் வேளைகளில் வருகிறது. முஸ்லிம்களின் ஐந்து வேளைத் தொழுகையும் சூரியனின் போக்கை வைத்தே கணக்கிடப்படுகிறது. ஆறாம் நூற்றாண்டில் இத்தாலியில் பெனடிக்ட் என்ற துறவி மடங்களுக்கு வகுத்த ஒழுங்கில், பிரார்த்தனைக்கான அழைப்பு கேட்டதும் கையில் உள்ளதை அப்படியே போட்டுவிட்டு வர வேண்டும் என்று இருக்கிறது. நாள் ஒழுகுவது ஒரு வேலை இன்னொரு வேலையாக மாறும் இடத்தில் என்று மேலே சொன்னேன் அல்லவா? நம் முன்னோர்கள் அந்த மாதிரி இடங்களைப் பார்த்துத்தான் பிரார்த்தனையை வைத்தார்கள் என்று நான் நம்புகிறேன்.

அதனால் "ஆறு மணிக்குப் பிரார்த்தனை" என்று கடிகாரத்தோடு கட்டாமல், நடக்கிற ஒரு காரியத்தோடு கட்டு. "பள்ளியிலிருந்து வந்து முகம் கழுவிய கையோடு பிரார்த்தனை. எழுந்ததும் பென்சில் பெட்டியைத் திறப்பேன்." இது முடிந்தால் அது என்று இப்படி முன்கூட்டியே முடிச்சுப் போட்டு வைப்பவர்கள், நினைத்ததை நடத்திக் காட்டுவது கூடுகிறது என்று பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் பல ஆய்வுகளில் காட்டியிருக்கிறார். உன் வழக்கத்தில் நேரம் குறித்த பிரார்த்தனை என்றால் அதன் நேரமே முடிச்சாகட்டும். தொழுகை நேரங்கள் ஒவ்வொன்றும் ஒரு நிமிடப் புள்ளியாக இல்லாமல், தொடக்கமும் முடிவும் உள்ள ஒரு இடைவெளியாகத்தான் இருக்கின்றன. பள்ளி நாளில் அந்த இடைவெளியில் எது உனக்குத் தோது என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு ஒரு முறை தீர்மானித்துக்கொண்டால், தினமும் யோசிக்க வேண்டியதில்லை.

தவறிப்போன நாளின் உறுத்தலுக்கு வருகிறேன். லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் ஃபிலிப்பா லாலி என்பவரின் குழு, 96 பேர் ஒரு புதுப் பழக்கத்தைப் பிடித்துக்கொள்வதைத் தொடர்ந்து கவனித்தது. தானாக வருகிற பழக்கமாக ஆவதற்குச் சராசரியாக 66 நாள் ஆயிற்று. ஆளுக்கு ஆள் அது 18 நாளிலிருந்து 254 நாள் வரை வேறுபடும் என்று கணக்கிட்டார்கள். நடுவில் ஒரு நாள் விட்டுப்போனது பழக்கம் உருவாவதை ஒன்றும் செய்துவிடவில்லை. சமய மரபுகளிலும் இந்தக் கனிவு உண்டு. தூங்கிப்போனதாலோ மறந்ததாலோ தொழுகை விட்டுப்போனால் நினைவு வந்ததும் அதைத் தொழுதுகொள்ளச் சொல்கிறது இஸ்லாம். விட்டுப்போன அன்றைக்கு மனம் வருந்துவது இயல்பு. அந்த வருத்தத்தை அடுத்த பிரார்த்தனைக்கு எடுத்துக்கொண்டு போ. "எல்லாம் போச்சு, அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து பார்ப்போம்" என்று தள்ளிப்போடும்போதுதான் நிஜமாகவே இழப்பு.

பிரார்த்தனையில் மனம் வீட்டுப்பாடத்தில் நிற்கிறது என்றாய். சோஃபி லெராய் என்ற ஆராய்ச்சியாளர் 2009இல் இதைத்தான் விளக்கினார்: ஒரு வேலையை அரைகுறையாக விட்டு எழுந்தால் கவனத்தில் ஒரு பங்கு அங்கேயே ஒட்டிக்கொண்டிருக்கும். எழுவதற்கு முன் "எதுவரை வந்தேன், திரும்பி வந்ததும் முதலில் என்ன செய்வேன்" என்று ஒரு வரி எழுதி வைத்தால் அந்தப் பிடி தளர்கிறது என்று பின்னாளில் அவரே இன்னொருவரோடு சேர்ந்து காட்டினார். நோட்டின் ஓரத்தில் "ஏழாம் கணக்கு, இரண்டாவது படி, குறி தப்பு, சரிபார்" என்று எழுதிவிட்டு எழு. மனதுக்குக் காவல் காக்கும் வேலை குறையும். அம்மா நடுவில் கூப்பிடும்போதும் இதே வழிதான்.

வீட்டு வேலைக்கு வருவோம். மேலே கணக்கில் போட்டது ஒரு மணி நேர வேலைதான், ஆனால் சோர்வு மூன்று மணி நேரத்துக்கு இருக்கும். ஏனென்றால் எந்த நேரத்திலும் கூப்பிடுவார்கள். புத்தகத்தைத் திறந்தால் "இங்கே வா", உட்கார்ந்தால் "அதை எடு", பென்சிலைத் தொட்டால் "தம்பி அழுகிறான் பார்". ஒவ்வொரு அழைப்பும் இரண்டு நிமிடம்தான், திரும்பி வந்து விட்ட இடத்தைப் பிடிக்க இன்னும் பத்து நிமிடம் ஆகும். அம்மாவிடம் போய் "எனக்கு நேரமில்லை" என்று சொன்னால் சண்டைதான் வரும், அவருக்கும் நேரமில்லை. வேறு மாதிரி கேள். "இந்த இரண்டு வேலையை முழுசாக என்னிடம் விட்டுவிடுங்கள், நீங்கள் நினைக்கவே வேண்டாம். ஆனால் ஆறே காலிலிருந்து ஏழரை வரை என்னைக் கூப்பிடாதீர்கள்." முழுப் பொறுப்பு எடுத்துக்கொள்கிற பிள்ளைக்கு முழுசாக ஒரு மணி நேரம் கொடுக்க எந்த அம்மாவுக்கும் மனம் வரும். சொன்ன வேலையை இரண்டு வாரம் சொல்லாமலே செய்து காட்டு, அப்புறம் கதவை மூடிக்கொண்டாலும் யாரும் தட்ட மாட்டார்கள்.

பெண்பிள்ளைகளுக்காக இன்னொன்றையும் சொல்லத்தான் வேண்டும். அண்ணனோ தம்பியோ இருக்கிற வீட்டில் வேலைகள் தானாகவே பெண்ணின் பக்கம் சாய்வதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். கோபப்படாமல், தெளிவாகக் கேட்கலாம். உன் தம்பி சின்னவன், அவனால் தன் துணியை மடிக்க முடியும், தன் தட்டை எடுத்து வைக்க முடியும். அவனுக்கு நீ அதைச் சொல்லிக்கொடுத்தால் உனக்கு நேரம் மிஞ்சும், அவனுக்கும் ஒரு வாழ்க்கைப் பாடம் ஆயிற்று. வீட்டில் யாருக்காவது நீண்ட நாள் நோய் என்றோ, பெரியவர்கள் செய்ய வேண்டியதெல்லாம் உன் தலையில் விழுகிறது என்றோ இருந்தால், அது டைம்டேபிளால் தீராது. உனக்கு நம்பிக்கையான ஆசிரியர் ஒருவரிடம் போய் சொல். எங்களிடம் சொன்னால்தான் எங்களுக்குத் தெரியும்.

படிப்பைப் பற்றி ஒரே ஒரு விஷயம். இரண்டு மணி நேரம் போதுமா என்பது எப்படிப் படிக்கிறாய் என்பதைப் பொறுத்தது. திரும்பத் திரும்ப வாசிப்பது நன்றாகப் படிக்கிற உணர்வைத் தரும், ஆனால் நிற்காது. ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்ப்பிக்கும் 2006இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதியை நாலு தவணை உட்கார்ந்து வாசித்த மாணவர்கள் ஒரு வாரம் கழித்து அதில் 40 சதவீதத்தை நினைவில் வைத்திருந்தார்கள். ஒரே தவணை வாசித்துவிட்டு, புத்தகத்தை மூடி மூன்று தவணை தாங்களாகவே நினைவுபடுத்தி எழுதியவர்களுக்கு 61 சதவீதம் நின்றது. ஆகவே பாடத்தை ஒரு தரம் கவனமாகப் படி. மூடு. வெற்றுத் தாளில் ஞாபகம் இருப்பதை எழுது. விட்டுப்போனதை மட்டும் திறந்து பார். முதலில் எரிச்சலாக இருக்கும், ஒன்றுமே தெரியாத மாதிரித் தோன்றும். அந்த எரிச்சலோடு படிப்பதுதான் நிற்கிறது. போன் மட்டும் அந்த அறையில் இருக்க வேண்டாம், அமைதி நிலையில் வைத்துக்கூட வேண்டாம்.

கடைசியில் உன் ஓவியம். எல்லாரும் சொல்கிற மாதிரி "எல்லா வேலையும் முடித்துவிட்டு அப்புறம் வரை" என்று நான் சொல்ல மாட்டேன். எல்லா வேலையும் என்றைக்குமே முடியாது. ஒன்பது மணிக்கு மேல் மிஞ்சிய களைப்பில் வரைந்தால் கை வராது, கை வரவில்லை என்ற வருத்தத்தில் போனை எடுப்பாய். மாலையில் பிரார்த்தனைக்கும் படிப்புக்கும் நடுவில் இருபது நிமிடம் ஓவியத்துக்குக் கொடு. நோட்டைப் பூட்டி அலமாரியில் வைக்காதே. பென்சிலை முந்தின நாளே சீவி, நேற்று பாதியில் விட்ட பக்கத்தைத் திறந்து, மேசை மேலேயே வைத்திரு. பாதி வரைந்த ஒரு கண் உன்னைப் பார்த்துக்கொண்டிருந்தால் நீயாகவே உட்கார்ந்துவிடுவாய். இருபது நிமிடத்தில் ஒரு படம் முடியாது, ஒரு காது முடியும், ஒரு கைவிரல் முடியும். மீதி நேரத்தைச் சேர்த்து வைத்து வாரக் கடைசியில் இரண்டு மணி நேரம் யாரும் கேட்காத நேரமாக எடுத்துக்கொள்.

அதை மார்க்குக்கும் பரிசுக்கும் இழுத்துக்கொண்டு போகிறவர்களிடம் கொஞ்சம் எச்சரிக்கையாக இரு. 1973இல் மார்க் லெப்பரும் கூட்டாளிகளும் படம் வரைவதில் ஆசையுள்ள சின்னக் குழந்தைகளை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். வரைந்தால் சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொல்லப்பட்ட குழந்தைகள், பின்னால் தாங்களாக வரைந்த நேரம் மற்றக் குழந்தைகளை விடப் பாதியாகக் குறைந்துவிட்டது. போட்டிக்கே போகாதே என்று நான் சொல்லவில்லை. வரைந்த ஒவ்வொன்றையும் படம் பிடித்துப் போட்டு எத்தனை பேருக்குப் பிடித்தது என்று பார்த்துக்கொண்டிருக்காதே. யாருக்கும் காட்டாத ஒரு நோட்டு உனக்கு இருக்கட்டும். படித்தால்தான் வரையலாம் என்று ஓவியத்தைக் கூலியாக்குவதும் இதே போன்ற தவறுதான், பெற்றோருக்கும் சேர்த்துச் சொல்கிறேன். உடம்பை அசைப்பதையும் விட்டுவிடாதே. உன் வயதுக்குத் தினமும் சராசரியாக 60 நிமிடம் ஓட்டமோ விளையாட்டோ வேண்டும் என்கிறது உலக சுகாதார அமைப்பு. பள்ளிக்கு வேகமாக நடப்பதும் அதில் சேரும், தம்பியோடு ஓடிப் பிடித்து விளையாடுவதும் சேரும்.

சரி, நீ கேட்டது ஒரு நாள். இப்படிப் போகலாம். ஆறே காலுக்கு எழுந்து வெளிச்சத்தில் நில், முகம் கழுவிய கையோடு பிரார்த்தனை. கிளம்பும் முன் நேற்று எழுதிப் பார்த்த தாளில் ஒரு கண். நாலரைக்கு வந்ததும் பையை அதன் இடத்தில் வைத்துவிட்டு இரண்டு ஷூவையும் வாசலிலேயே கழற்று, போன் கூடத்தில் இருக்கட்டும். சாப்பிட்டுவிட்டு உன் பொறுப்பில் உள்ள வேலைகளும் தம்பியும். அது ஐந்தரைக்கு முடிந்தால், பதினைந்து நிமிடம் பிரார்த்தனை. எழுந்ததும் இருபது நிமிடம் பென்சில். ஆறே காலிலிருந்து ஏழரை வரை யாரும் கூப்பிடாத படிப்பு, அதில் கடினமானது முதலில். சாப்பாடு, வீட்டாரோடு பேச்சு. எட்டே காலிலிருந்து ஒன்பது வரை மீதிப் பாடம். நாளைக்கான பையை அடுக்கி, பென்சிலைச் சீவி வைத்துவிட்டு, ஒன்பதே காலுக்குப் படுக்கை. இதில் அங்கங்கே இடைவெளி விட்டிருக்கிறேன், அதை எதைக் கொண்டும் நிரப்பாதே. உன் நாள் பிதுங்காமல் இருப்பது அந்த இடைவெளிகளால்தான்.

எல்லாம் தாறுமாறாகிற நாளுக்கும் ஒரு சின்ன வடிவத்தை இப்போதே தீர்மானித்து வை. விருந்தாளிகள் வந்துவிட்டார்கள், தம்பிக்குக் காய்ச்சல், மறுநாள் தேர்வு. அன்றைக்கு இரண்டு நிமிடப் பிரார்த்தனை, ஒரு தாளில் ஒரு பாடம், நோட்டில் ஐந்து கோடு, வழக்கமான நேரத்தில் தூக்கம். தேர்வு மாதத்தில் ஓவியத்தைப் பத்து நிமிடமாகக் குறைத்துக்கொள், ஒரேயடியாக நிறுத்த வேண்டாம். பிரார்த்தனை வழக்கமாக எவ்வளவோ அவ்வளவே இருக்கட்டும். தேர்வுக்கு முன்னால் மட்டும் நீண்டு, முடிவு வந்ததும் சுருங்கிப்போவதைப் பிள்ளைகளே பின்னால் சொல்லி வருந்தியிருக்கிறார்கள்.

எல்லாவற்றையும் நாளைக்கே மாற்றப் போகாதே. இன்றைக்கு இரவு ஒரே ஒரு காரியம்: படுக்கைக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கும் சார்ஜரை எடுத்துக் கூடத்தில் மாட்டு. எழுப்புவதற்குச் சாதாரண அலாரம் கடிகாரம் ஒன்று வீட்டில் இருக்கும், தேடி எடுத்துக்கொள், இல்லையென்றால் அம்மாவை எழுப்பச் சொல். அப்புறம் அந்தத் தாளை மடித்துப் பையில் வை. மூன்று நாள் கழித்து அதில் என்ன எழுதியிருக்கிறது என்று எனக்கும் சொல், அதைப் பார்த்து உன் மாலை நேரத்தை இரண்டு பேருமாகச் சேர்ந்து சரிசெய்யலாம்.